இறங்க மறுத்த கட்டில்

அத்தியாயம் 6

பீப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐ.சி.யூ. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவான், எழுவான், தண்ணீர்க் குழாய் வரை போவான், குடிக்காமலே திரும்புவான். அவன் எழும்போதெல்லாம் நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்தே நாலு ஜோக் அடித்திருப்பான். துப்பறியும் கொக்கி மேடத்திடம் அவன் வாங்கும் சம்பளத்தில் பாதி வேலைக்கு, மீதி வாய்க்கு என்று மேடமே சொல்வதுண்டு. இன்று அந்த வாய் விடுமுறையில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது அவன் அண்ணன்.

அண்ணன் பூட்டு சாவிக் கடைக்காரர். உருவத்தில் தம்பிக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை. காலில் புண் பழுத்து, காய்ச்சல் ஏறி, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். சதைப்பிடிப்பான கையில் நரம்பு தேடித் தேடி எல்லோருக்கும் அலுத்துப்போய், கடைசியில் கழுத்திலிருக்கும் பெரிய ரத்தக்குழாயில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகி, அது வழியாக மருந்து ஏற்றினார்கள். புண் ஆறியது, காய்ச்சல் விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முந்தாநாள் காலை அந்த டியூபை உருவினார்கள். உருவிய கையோடு அண்ணன் மூச்சுக்குத் திணறினார், கண் செருகியது, ஆள் சரிந்துவிட்டார். டியூப் இருந்த துவாரம் வழியாக ரத்தக்குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதாம். அன்றிலிருந்து நினைவு திரும்பவில்லை.

அண்ணி கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். முந்தாநாளிலிருந்து அதே இடம். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி உண்டு. அவள்தான் போகவில்லை.

"அண்ணி, ஒரு தடவை உள்ள போயிட்டு வாங்களேன்."

"வேணாம் தம்பி. என் கை பட்டுத்தான் அவர் இப்படிக் கிடக்கறார். இன்னொரு தடவை பட வேணாம்."

அண்ணன் பிழைப்பாரா என்பது ஒரு கவலை. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அண்ணி இப்படியே நின்றுவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய கவலை.

அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர், அன்று டியூபை உருவியவரும் அவரே. இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு, கலையாத முடி. அவர் கையில் ஒரு ஸ்கேன் படம்.

"உங்க திருப்திக்காக இதையும் காட்டிடறேன்" என்று பீப்பாவுக்குத் துணையாக வந்திருந்த கொக்கி மேடத்திடம் நீட்டினார். "டியூபை எடுக்கறதுக்கு முன்னாடி கழுத்தை ஸ்கேன்ல பாத்தேன். இந்தக் கறுப்பு வட்டம்தான் அவரோட கழுத்து ரத்தக்குழாய். எவ்வளவு பெருசா நிறைஞ்சிருக்கு பாருங்க. கட்டிலோட தலைப்பக்கத்தை நல்லா இறக்கி வெச்சாத்தான் இப்படி வீங்கும். வீங்கின குழாய்க்குள்ள காற்று போகாது. என் பக்கம் ஒரு தப்பும் இல்ல. நான் எடுத்து முடிச்சதும் இவங்க அவசரப்பட்டு தலைப்பக்கத்தைத் தூக்கிட்டாங்க. குழாயில ரத்தம் வடிஞ்சு சுருங்கிடுச்சு, துவாரம் இன்னும் மூடல, காற்றை உள்ள இழுத்துடுச்சு."

"நீங்க பட்டனை அழுத்தினீங்களாம்மா?" என்றார் மேடம்.

"அழுத்தினேன்" என்றாள் அண்ணி கண்ணாடியைப் பார்த்தபடியே. "மூச்சுத் திணறுனாரு. தூக்கிவிட்டா சரியாகும்னு நெனச்சேன். நான்தான்."

"பாவம், தெரியாம செஞ்சது" என்றார் டாக்டர், குரலில் தேன் வடிய. "அதை அப்படியே எழுதிக் கொடுத்துட்டா போலீஸ் அது இதுன்னு போகாம முடிச்சுக்கலாம். சாயங்காலம் வர்றேன், கையெழுத்துப் போட்டுடுங்க."

"போடறேன்" என்றாள் அண்ணி.

கொக்கி மேடம் படத்தைத் தன் கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களைப் பிடித்துக்கொடுத்துப் பழகிய மனுஷி. சாதாரணமாக ஆரம்பிக்கிற அவருடைய கேள்வி, முடியும்போது எதிராளியின் காலரில் மாட்டியிருக்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இவர் கழுத்தை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாக்கலாமா?"

"வெளி டாக்டரை ஐ.சி.யூ. உள்ள விடற வழக்கம் இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் நடையைக் கட்டினார்.

மாடிப்படித் திருப்பத்துக்கு வந்ததும் மேடம் நின்றார்.

"பீப்பா, உன் சட்டைக் காலர் என்ன சைஸ்?"

"இந்த நிலைமையில துணி எடுத்துத் தரப் போறீங்களா?"

"உங்க அண்ணனுக்கு?"

"ஒரே சைஸ்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். இதுவே அவரோடதுதான்." முந்தாநாள் ஓடிவந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தான்.

"எடை?"

"அதையும் மாத்திப் போட்டுக்கற அளவுக்கு ஒண்ணுதான்."

"நல்லது. உனக்கு வயிறு வலிக்குதா?"

"இல்லையே மேடம்."

"வலிக்கும். கீழ போய் அட்மிட் ஆகு. ஜன்னல் இருக்கற ரூம்தான் வேணும்னு அடம்பிடி. மாடியில ஜன்னல் வெச்ச ஒரே ரூம் ஏழாம் நம்பர், முந்தாநாள்லேருந்து காலியா கிடக்கு. உங்க அண்ணன் படுத்திருந்த கட்டில் அங்கதான் இருக்கு."

வயிற்று வலிக்கு நடிப்பது பீப்பாவுக்குக் கைவந்த கலை. பள்ளிக்கூடம் முழுக்க அதில்தான் ஓட்டினான். வரவேற்பு மேஜையில் அவன் போட்ட கூச்சலில், அவனை மேலே அனுப்பிவிட்டால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழாம் அறை. வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல், ஒரு மின்சாரக் கட்டில். கட்டிலின் கைப்பிடியில் ஒயரோடு தொங்கும் ரிமோட். முதுகுப்பக்கத்தை மட்டும் தூக்க ஒரு பட்டன். கட்டிலை மொத்தமாகத் தலைப்பக்கம் சரிக்க இன்னொன்று. கட்டில் பக்கத்தில் கொக்கி மேடத்தின் பள்ளித் தோழி, சொந்தமாக ஸ்கேன் சென்டர் நடத்தும் டாக்டர், சோப்புக்கட்டி அளவுக் கருவி ஒன்றைத் தன் கைபேசியில் செருகிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் ஆகட்டும். சென்டர்ல வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் ஸ்கேன் டாக்டர். "எங்க, ஏறிப் படுங்க."

பீப்பா ஏறினான். கட்டில் ஒரு பெருமூச்சு விட்டது.

"முதுகுப்பக்கத்தைத் தூக்கு" என்றார் மேடம். பட்டனை அழுத்தினான். பழைய லாரி மேடேறுகிற சத்தத்தோடு முதுகு உயர்ந்தது. முழு உயரம் போனதும் மோட்டார் ஓய்ந்தது. விரல் சும்மா இருக்காமல் அவன் இன்னும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். சத்தமே இல்லை. ஸ்கேன் டாக்டர் அவன் கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார்.

"பாருங்க, இப்ப உக்காந்த மாதிரி இருக்கார். ரத்தம் கீழ இறங்கிடுச்சு. கழுத்துக் குழாய் வெறும் கோடு."

கைபேசித் திரையில் மூடிய கண் மாதிரி ஒரு சின்னக் கீற்று தெரிந்தது.

"இப்ப மட்டமா படுக்க வை."

முதுகுப்பக்கம் இறங்க இறங்கப் பீப்பாவின் வயிறு மேலேறி நெஞ்சில் உட்கார்ந்தது. மூச்சு முட்டியது. திரையில் அந்தக் கீற்று மெல்லத் திறந்து, உருண்டு, கறுப்பு வட்டமாகியது. மேடம் தன் கைபேசியில் டாக்டரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு வட்டங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

பீப்பாவின் மனசு விட்டுப்போனது. "அப்ப அந்த ஆள் சொன்னது நிஜமா மேடம்? படுக்க வெச்சுத்தான் எடுத்தாரா? அண்ணிதான் காரணமா?"

"அவர் சொன்னது படுக்க வெச்சதா இல்ல. தலைப்பக்கத்தை இறக்கி வெச்சதா. இறக்கு பாக்கலாம்."

பீப்பா இன்னொரு பட்டனை அழுத்தினான். கட்டில் 'டிக்' என்றது. ரிமோட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி 'டிக்'.

"என்னை இறக்கி வெக்கறதுக்கு இதுக்கு மனசு வரல" என்றான்.

"நீ இறங்கு."

அவன் இறங்கியதும் மேடம் அழுத்தினார். காலிக் கட்டில் வெண்ணெயாக வழுக்கித் தலைப்பக்கம் சரிந்தது. மறுபடி மட்டமாக்கி, அவனை ஏற்றி, அழுத்தினார். 'டிக்.'

"எடை அதிகமானா மொத்தக் கட்டிலைச் சரிக்கிற மோட்டார் தானா நின்னுடும்" என்றார் ஸ்கேன் டாக்டர். "மலிவான கட்டில். ஒல்லியா இருக்கறவங்களுக்கு வேலை செய்யும். யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவங்களுக்குச் செய்யாது. ஆனா ஒண்ணு, மட்டமா படுக்க வெச்சிருந்தாலே இந்த மாதிரி வட்டம் வந்திருக்கும். அந்த ஆள் அப்படிச் செஞ்சிருக்கலாமே?"

"முடியாது" என்றான் பீப்பா. மல்லாந்து கிடந்த அவனுக்கு வார்த்தைகள் துண்டு துண்டாகத்தான் வந்தன. "அண்ணன் ஒரு வருஷமா மட்டமா படுக்கறதில்ல. சாய்வு நாற்காலியிலதான் தூங்குவாரு. மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குன்னு சொல்வாரு. நான் கூடக் கிண்டல் பண்ணிருக்கேன், ராஜாவுக்குச் சிம்மாசனம் கேக்குதான்னு." அவனுக்குக் கண் நிறைந்தது. இந்தப் பத்து நிமிஷமே இப்படியென்றால் காய்ச்சலில் கிடந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்.

மேடம் மட்டும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் வரை போவார், படத்தைப் பார்ப்பார், கதவு வரை வருவார், மறுபடி பார்ப்பார். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றார்.

"படத்தோட ஓரத்துல இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"ஆழம்" என்றார் தோழி. "தோல்லேருந்து எவ்வளவு உள்ள இருக்குன்னு. ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டர்."

"பீப்பாவோட கழுத்துக் குழாய் எங்க இருக்கு?"

"ரெண்டாவது புள்ளிக்குக் கூட வரல. கழுத்து எவ்வளவு தடிமனா இருந்தாலும் அது கொஞ்சம் மேலதான் இருக்கும்."

"டாக்டர் படத்துல?"

ஸ்கேன் டாக்டர் குனிந்து பார்த்தார். முதல் முறையாக அவருக்குத் தன் சென்டர் கூட்டம் மறந்துபோனது. "நாலு தாண்டி இருக்கே! இது கழுத்தே இல்ல."

"உக்காந்தா ரத்தம் கழுத்தை விட்டுக் கீழ இறங்கிடுதுன்னு சொன்னே. இறங்கி எங்க போகுது?"

தோழிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து பீப்பாவின் இடுப்புப் பக்கம் பார்த்தார்கள்.

"என்ன? ஏன் அங்க பாக்கறீங்க? மேடம், இது சம்பளத்துல சேராது."

"வேட்டியை நீயா தளர்த்தறியா, இல்ல நாங்க ஆளைக் கூப்பிடணுமா?"

"நீங்க ஜன்னல் பக்கம் திரும்புங்க. கல்யாணம் ஆகாத பையன் நான்."

மேடம் திரும்பிக்கொண்டார். முதுகுப்பக்கம் மறுபடி லாரிச் சத்தத்தோடு உயர்ந்தது. பீப்பா தன் வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொள்ள, ஸ்கேன் டாக்டர் தொடை இடுக்கில் கருவியை அழுத்தினார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு குலதெய்வத்தை அழைத்தான்.

"வந்துடுச்சு" என்றார் அவர். "நல்லா வீங்கின வட்டம். ஆழம் நாலு புள்ளி தாண்டி. படம் அப்படியே இருக்கு."

கதவு படாரென்று திறந்தது. வயிற்று வலிக்காரரைப் பார்க்க வந்த பெரிய டாக்டர், கட்டிலில் கிடந்த கோலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"வாங்க டாக்டர்" என்றார் மேடம், ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "பீப்பா, மானத்தை மூடிட்டியா?"

"மூடியாச்சு."

மேடம் திரும்பினார். "டாக்டர், இவனைத் தலைப்பக்கம் இறக்கிக் காட்டுங்க. உங்க கட்டில், உங்க பட்டன்."

டாக்டர் ரிமோட்டைத் தொடவில்லை.

"இறங்காதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. சரி, முந்தாநாள் கட்டில் இறங்கல. அவருக்கு மட்டமா படுக்கவும் முடியல. சாய்ஞ்சு உக்காந்தபடியே டியூபை உருவிட்டீங்க. கழுத்துக் குழாய் கீத்தா சுருங்கிக் கிடந்தப்போ. விபரீதம் ஆனதும், படுக்க வெச்சுத்தான் எடுத்தேன்னு காட்ட வீங்கின குழாய்ப் படம் ஒண்ணு வேணும். ஐ.சி.யூ.வில அவரை எப்பவும் தலை தூக்கித்தான் வெச்சிருக்காங்க. கழுத்துல எப்படிப் பாத்தாலும் கீத்துதான் வரும். அந்த நிலையில உடம்புல வீங்கியிருக்கற பெரிய குழாய் எது? தொடை இடுக்குல. அதை எடுத்து மெஷின்ல கழுத்துன்னு போட்டு, நேரத்தையும் டியூபை உருவறதுக்கு முன்னாடின்னு மாத்தி வெச்சுட்டீங்க. அவர் தலை தாழ்ந்திருந்துச்சுன்னு நீங்க கொண்டுவந்த சாட்சி, தலை தூக்கியிருந்துச்சுன்னு சொல்லுது."

"பருமனான உடம்புக்கு எல்லாமே ஆழமாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். குரலில் இருந்த தேன் வற்றிப்போயிருந்தது.

"அதுக்குத்தான் இவன். ஒரே காலர். ஏன் டாக்டர் சுத்தி வளைக்கணும்? அவர் கழுத்து ஐ.சி.யூ.விலதான் இருக்கு. போய் வெச்சுப் பாத்துடலாமா? நீங்க உள்ள விடலேன்னா கோர்ட் விடும்."

டாக்டர் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முடி இப்போதுதான் கலைந்தது.

"ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு ஆளை மயக்கம் கொடுத்து வெச்சிருந்தாங்க, எனக்காகக் காத்துட்டு" என்றார் தரையைப் பார்த்து. "ரெண்டு தடவை பட்டனை அழுத்தினேன், இறங்கல. படுக்க வெச்சா அவர் திணறுனாரு. எத்தனையோ பேருக்கு இப்படி எடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகல. ஒரு நொடி வேலைதானேன்னு..."

"எங்க அண்ணி மேல பழியைப் போடறதும் ஒரு நொடி வேலைதான் இல்லையா?" என்றான் பீப்பா. அவன் வாழ்க்கையில் கிண்டல் கலக்காமல் சொன்ன வாக்கியங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

மேடம் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க, பீப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐ.சி.யூ. வாசலுக்கு ஓடினான். மூச்சிரைக்க எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னான். படம் பொய், கட்டில் இறங்கவே இல்லை, டாக்டரே ஒத்துக்கொண்டுவிட்டார். அண்ணி முழுதும் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவர் தப்புப் பண்ணிருக்கலாம் தம்பி. ஆனா நானும் பட்டனை அழுத்தினேனே. அது பொய் இல்லையே. நான் தூக்கினதுல இன்னும் கொஞ்சம் காற்று போயிருக்கும்ல?"

கேஸ் ஜெயித்துவிட்டது, அண்ணி தோற்றுக்கொண்டே நிற்கிறாள். கொக்கி மேடமும் பக்கத்தில் இல்லை. தன் விரல் அந்த ரிமோட்டில் சும்மா விளையாடியது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"அண்ணி, நீங்க அழுத்தினப்போ சத்தம் வந்துச்சா?"

"என்ன சத்தம்?"

"அந்தக் கட்டில் முதுகைத் தூக்கினா லாரி மாதிரி உறுமும். ரூமே அதிரும். அது கேட்டுச்சா?"

அண்ணி யோசித்தாள். கண்ணாடியிலிருந்து முதல் முறையாக முகத்தைத் திருப்பினாள்.

"இல்ல... ஒண்ணும் கேக்கல. கேக்கலேன்னுதான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். கரண்ட் இல்லையோன்னு நெனச்சேன். அதுக்குள்ள டாக்டர் என் கையைத் தட்டிவிட்டாரு."

"முழு உயரத்துல இருந்தா மட்டும்தான் அது சத்தம் போடாது அண்ணி. நான் இப்பத்தான் அழுத்திப் பாத்தேன். அண்ணன் ஏற்கெனவே முழுசா நிமிந்துதான் இருந்தாரு. நீங்க தூக்கவே இல்ல. உங்க கையால அந்தக் கட்டில் ஒரு நூல் கூட நகரல."

அண்ணி தன் வலதுகைக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு நாளாக அழாத அழுகையை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பீப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதான்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பீப்பா கண்ணாடி வழியே பார்த்தான். நர்ஸ் அண்ணனின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அண்ணன் கொஞ்சம் சரிந்து கிடந்தார். நர்ஸ் ரிமோட்டை எடுத்து அண்ணியிடம் நீட்டி என்னவோ சொன்னாள். அண்ணி பின்வாங்கினாள். நர்ஸ் இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அண்ணி அதை வாங்கினாள். இன்னொரு கையை அண்ணனின் கன்னத்தில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். மோட்டார் உறுமுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அண்ணனின் தலை மெல்ல உயர்ந்தது, நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், போதும் என்று நர்ஸ் சொல்கிறவரை அவள் அழுத்திக்கொண்டே நின்றாள்.